திங்கட்கிழமை வரை ஒரு கால்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது: 24,100. ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களின் கணக்கு. பதினோராயிரத்தைத் தாண்டினாலே எங்கள் ஆய்வக இயந்திரம் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடும். இதற்கு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தது.

[இல்லை. எங்கள் இயந்திரம் எவ்வளவு அதிகமானாலும் ஒன்றுதான் போடும். மூன்று என்பது நான் சேர்த்தது. முதல் பத்தியிலேயே பொய் வந்துவிட்டது. அடிக்காமல் விடுகிறேன், நீங்கள் எச்சரிக்கையாக இருப்பதற்கு.]

அந்தத் தாளை அச்செடுத்தவள் நான். ரத்தம் அன்செல்மோ பெவிலாக்குவாவுடையது. லானூஸில் எங்கள் தெருவில் எனக்கு எதிர் வீடு. அன்று 2022 டிசம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் எங்கள் நாடு ஆடும் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். இந்த இரண்டு நாளில் அன்செல்மோவின் உயிருக்கும் அந்த ஆட்டத்துக்கும் நடுவில் நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் கதை.

தொடக்கத்தை எட்டு முறை எழுதினேன்.

"அன்செல்மோவின் இடது கெண்டைக்காலில் டியேகோ மாரடோனா குடியிருந்தார்." அழகாக இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.

"காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் தெருவே" — தெருவே என்ன? தெரு ஒன்றும் சொல்லவில்லை. அதுதானே பிரச்சினை.

"சுலேமாவுக்குக் கால்பந்து பிடிக்காது." இது உண்மை. இதிலிருந்து போகிறேன்.

2

சுலேமாவுக்குக் கால்பந்து பிடிக்காது. ஆட்டம் நடக்கும்போது மொட்டை மாடியில் துணி காயப்போடுவாள். கத்துகிற சத்தத்தை வைத்தே கோல் விழுந்தது நமக்கா அவர்களுக்கா என்று தெரிந்துகொள்வாள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் பழகியவள், ஆனால் பிடிக்காது.

[சுலேமாவை 'அவள்' என்றும் அவள் கணவர் அன்செல்மோவை 'அவர்' என்றும் எழுதிக்கொண்டு போகிறேன். கவனித்தேன். அவரை வெளியிலிருந்து பார்க்கிறேன், அவளுக்குள்ளிருந்து பார்க்கிறேன். தனக்குத் தானே யாரும் மரியாதை கொடுத்துக்கொள்வதில்லை. உள்ளே போக அவளிடம் அனுமதி கேட்டேன். "போ, ஆனா எதையும் இடம் மாத்தி வைக்காத," என்றாள்.]

அன்செல்மோ நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தெட்டு வருடம் கிளட்ச் மிதித்தது அந்த இடது கால். 1996இல் ஒரு நாள் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பேன்ட்டைத் தூக்கினார். கெண்டைக்கால் முழுக்க ஒரு முகம், பச்சை மையில், இன்னும் ரத்தம் கசிந்துகொண்டு.

"யாரு இது?"

"யாரா? டியேகோ!"

"நெஸ்டர் மாதிரில்ல இருக்கு."

நெஸ்டர் சுலேமாவின் தம்பி. மெத்தைக் கடையில் வேலை. சுருட்டை முடி.

"உனக்குச் சுருட்டை முடின்னாலே நெஸ்டர்தான்."

"மூக்கப் பாரு கிழவா. எங்கம்மா மூக்கு அது."

அன்செல்மோ இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தார். பின்பக்கம் இருப்பதால் அவரால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியாது. பிறகும் இருபத்தாறு வருடம் அவர் அதை நேராகப் பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது அன்செல்மோவுக்கு முப்பத்தெட்டு வயது. ஏன் காலில் என்று கேட்டதற்கு, "நெஞ்சுல எல்லாரும்தான் குத்திக்கிறான். அவன் இடது காலை வெச்சு என்னெல்லாம் பண்ணினான். அவன அவன் எடத்துலயே வெச்சிருக்கேன்," என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன நீளமான விளக்கம் இதுதான் என்கிறாள் சுலேமா.

3

அந்த முகத்தைத் தெரு தொடுவது எப்படி ஆரம்பித்தது?

2020 நவம்பரில் டியேகோ இறந்த அன்று தெருவில் யாருக்கும் எங்கே போவதென்று தெரியவில்லை. ஊர் முழுக்க அஞ்சலி செலுத்த நகரத்துக்குப் போனது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. அன்செல்மோ வாசலில் நாற்காலி போட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். முகம் தெருவைப் பார்த்தது. ஒருவர் மெழுகுவர்த்தி வைத்தார். பெட்டிக்கடை ஓஸ்வால்டோ குனிந்து கெண்டைக்காலைத் தொட்டுவிட்டு அழுதார். பிறகு வரிசை.

சுலேமா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தம்பி மூஞ்சிய தொட்டுத் தொட்டு அழறானுங்க," என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவளுக்கும் அழுகை வந்திருந்தது. யாருக்காக என்று இன்றுவரை தெரியாது என்கிறாள்.

அடுத்த வருடம் தென் அமெரிக்க நாடுகளின் போட்டி, கோப்பா அமெரிக்கா. ஆட்டத்துக்கு முன்னால் தொட்டார்கள். ஜெயித்தார்கள். இதை இங்கே காபலா என்போம். போன முறை ஜெயித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இந்த முறையும் இருக்க வேண்டும்: அதே நாற்காலி, அதே சட்டை, துவைக்காத அதே காலுறை. காபலாவை யாரும் நம்புவதில்லை. யாரும் மாற்றுவதும் இல்லை.

2022 நவம்பர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை காலை, உலகக் கோப்பையில் முதல் ஆட்டம். அன்செல்மோ மருத்துவமனையில் இருந்தார். சர்க்கரை ஏறி, இடது கால் சுண்டுவிரலில் புண். யாரும் தொடவில்லை. சவூதி அரேபியாவிடம் தோற்றோம்.

வெள்ளிக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்சி தெருவுக்குள் திரும்பியபோது முப்பது பேர் நடைபாதையில் நின்றிருந்தார்கள். சுலேமா, இவ்வளவு பேர் இவரை விசாரிக்க வந்திருக்கிறார்களே என்று நினைத்தாள். கதவு திறந்ததும் ஓஸ்வால்டோ, "எப்படி இருக்க குண்டா?" என்று கேட்டுக்கொண்டே பேன்ட்டைச் சுருட்டினார்.

மறுநாள் மெக்சிகோவை ஜெயித்தோம். பிறகு போலந்து. பிறகு ஆஸ்திரேலியா. பிறகு நெதர்லாந்து, பெனால்டியில். கால் வீங்கிக்கொண்டே வந்தது.

கால் வீங்க வீங்க முகமும் வீங்கியது. கன்னம் உப்பியது, கழுத்து மறைந்தது, கண் சிறுத்தது. இருபத்தாறு வருடம் நெஸ்டராக இருந்த முகம் டிசம்பர் முதல் வாரத்தில் டியேகோ ஆகிவிட்டது. இளம் டியேகோ அல்ல. கடைசிக் காலத்து டியேகோ.

"இப்பத்தான்டா அச்சு அசல்!" என்று கத்தினார் ஓஸ்வால்டோ.

சுலேமாவும் பார்த்தாள். உண்மைதான்.*

* நீர் கோத்த காலை விரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்தபின் குழி நிரம்ப அன்செல்மோவுக்கு இரண்டு நிமிடம் ஆனது. குரோஷியா ஆட்டத்துக்கு முன் முப்பது பேர் தொட்டுவிட்டுப் போனார்கள். கன்னம் முழுக்கக் குழி. தேசிய கீதம் முடியும்போது எல்லாம் நிரம்பிவிட்டன. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு எதையும் செய்யத் தோன்றவில்லை.

4

குரோஷியாவை ஜெயித்த மறுநாள், புதன்கிழமை, டாக்டர் எட்சார்ட் கட்டைப் பிரித்துப் பார்த்தார். சின்ன வயதுப் பெண். அவசரப்படாமல் பேசுவார்.

"மூணு விரல் செத்துப்போச்சு. கிருமி மேல ஏறுது. முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். நாளைக்கு."

"திங்கக்கிழமை," என்றார் அன்செல்மோ.

"இது முடிவெட்டுற கடை இல்ல, நீங்க நாள் சொல்றதுக்கு."

"ஞாயித்துக்கிழமை ஃபைனல், டாக்டரம்மா."

"தெரியும். நானும் இந்த ஊர்தான்."

சுலேமா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் பயந்தது கத்திக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவரே கேட்டார்:

"அந்த மூஞ்சிய என்ன பண்ணுவீங்க? குப்பைலயா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அன்செல்மோவின் காலுறையை எடுத்துத் தன் முஷ்டியில் மாட்டினார். "எலும்ப இங்க வெட்டுவோம். பின்னாடி இருக்கிற ஆடுசதையையும் தோலையும் வெட்ட மாட்டோம், நீளமா விட்டுடுவோம். அத இப்படி முன்னாடி கொண்டுவந்து எலும்பு மேல மடிச்சுத் தைப்போம்." காலுறையின் பின்பக்கத்தை மடித்து முஷ்டிக்கு மேல் கொண்டுவந்தார். "பின்னாடி இருக்கிறது முன்னாடி வந்துரும்."

"மூஞ்சி?"

"பெரும்பாலும் தங்கும். ஆனா தலைகீழா."

"தலைகீழாவா!"

"எதிர்ல நின்னு பாக்கிறவங்களுக்குத் தலைகீழ். நீங்க உக்காந்துகிட்டு காலை நீட்டி மேல இருந்து பாத்தா…" டாக்டர் தன் முஷ்டியைத் தானே குனிந்து பார்த்தார். "உங்களுக்கு மட்டும் நேரா தெரியும். வாயும் மோவாயும்."

அன்செல்மோ வெகுநேரம் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கலாமா அவன?"

"பாக்கலாம்."

"சரி, எடுங்க," என்றார். சுலேமா மூச்சு விட்டாள். "திங்கக்கிழமை எடுங்க."

டாக்டர் இன்னும் இரண்டு முறை சொன்னார். பிறகு கறுப்புப் பேனாவால் கெண்டைக்காலில் ஒரு கோடு வரைந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். வெள்ளிக்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார்.

"கோடு போடறதுக்கு அவ்வளவு நேரமாகுமா?" என்று சுலேமா என்னிடம் கேட்டாள். "அந்தப் பொண்ணோட இடது கை அது மேல சும்மா இருந்துச்சு. நான் பாத்தேன்."

[காலைப் பிடிக்காமல் கோடு போட முடியாது என்று நான் சொன்னேன். டாக்டர் தொட்டாரா, பிடித்தாரா? இந்த வரியை எழுதும்போது எனக்கு வேறு எதுவோ நினைவுக்கு வந்தது. பிறகு சொல்கிறேன்.]

 டாக்டர் காட்டிய மடிப்பில் நம்பிக்கை வராமல் நான் அட்டையில் ஒரு கால் செய்து, பின்பக்கம் முகம் வரைந்து, வெட்டி மடித்துப் பார்த்தேன். டாக்டர் சொன்னது சரி. எல்லாருக்கும் தலைகீழாகவும் ஒருவருக்கு மட்டும் நேராகவும் இருக்கிறது. அட்டைக்கால் இன்னும் என் மேசையில் இருக்கிறது.

5

வெள்ளிக்கிழமை மாலை சுலேமா அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெரு சொன்னால் அன்செல்மோ கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அவர் திங்கட்கிழமை வரை காத்திருப்பது தெருவுக்காக. யாராவது ஒருவர் வந்து, "போய் எடுத்துக்கடா, எங்களுக்குக் கால் வேண்டாம்," என்றால் போதும்.

முதலில் பெட்டிக்கடை.

"இதெல்லாம் கேக்கணுமா சுலே?" என்றார் ஓஸ்வால்டோ. "உசுருதான் முக்கியம். அதுல பேச்சே இல்ல. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு நானே வண்டிய கொண்டாந்து உங்க வாசல்ல நிறுத்துறேன்."

"இன்னிக்கு நிறுத்து."

"இன்னிக்கா… இன்னிக்கு வண்டில ஏதோ சத்தம் வருது."

"என்ன சத்தம்?"

"அதான் என்னன்னு தெரியல."

அடுத்தது பெத்தினாவின் முடித்திருத்தகம். பெத்தினா ஒருவர் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சுலேமா தாளை நீட்டினாள். பெத்தினா கையுறையோடு வாங்கிப் படித்தாள்.

"ஐயோ பாவமே. உடனே கூட்டிட்டுப் போகணும்."

"நீ வந்து சொல்லு."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். எங்கம்மாவுக்குக்கூட திங்கக்கிழமைதான் ஆபரேஷன் பண்ணாங்க, பிரமாதமா ஆச்சு."

"நான் திங்கக்கிழமைன்னு சொல்லவே இல்லியே."

முடி உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை வைத்துக்கொண்டிருந்த இன்னொருத்தி, ஒன்றும் காதில் விழாதவள், கண்ணாடியில் சுலேமாவைப் பார்த்துக் கத்தினாள்: "திங்கக்கிழமை போங்க சுலேமா! திங்கக்கிழமை!"

பதினோரு வீடு. எல்லாரும் அன்செல்மோவுக்காக வருத்தப்பட்டார்கள். மூன்று பேர் அழுதார்கள். நடிப்பில்லை. எல்லாரும் திங்கட்கிழமை என்றார்கள்.

[இவர்களைக் கெட்டவர்களாகக் காட்ட ஒரு வரைவு எழுதினேன். பெத்தினா படித்துவிட்டு என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம். பெருந்தொற்றுக் காலத்தில் சுலேமா வீட்டுக்கு நாற்பது நாள் சாப்பாடு கொண்டுபோய் வைத்தவள் பெத்தினா.]

6

கடைசியாக சுலேமா எதிர் வீட்டுக்கு வந்தாள். அங்கே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்

[அடித்தது.]

அங்கே சில்வானா என்றொருத்தி, உயிர்வேதியியல் படித்தவள், யாரிடமும் அதிகம்

[அடித்தது. சில்வானா என்று யாரும் இல்லை.]

மூன்று வரைவுகளில் இந்தப் பெண்ணுக்கு வேறு வேறு பெயர் வைத்தேன். ஒன்றில் அவளை ஆணாக்கினேன், மீசைகூட வைத்தேன். எல்லா வரைவிலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள். பெயரை மாற்றினால் பதில் மாறுமென்று எதிர்பார்த்திருக்கிறேன்.

சரி. நான்தான்.

"ஒல்லி," என்றாள் சுலேமா. தெருவில் எனக்கு அதுதான் பெயர். "நீ படிச்சவ. இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?"

"கிருமி ரத்தத்துல பரவ ஆரம்பிச்சிருக்கலாம்."

"இருக்கலாமா, பரவுதா?"

"பரவுது."

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமா?"

நான் அறிவியல் படித்தவள். ஐந்து ஆட்டத்துக்கும் தொட்டேன். போலந்து ஆட்டத்துக்கு மட்டும் தொற்று பயத்தில் கையுறை போட்டுக்கொண்டு தொட்டேன். ஜெயித்தோம், ஆனால் முதல் பாதியில் ஒரு பெனால்டி வீணாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கையுறை போடவில்லை.

"தாங்கும்னு நினைக்கிறேன்," என்றேன்.

ஆய்வகத் தாளில் அலகு எழுத இடம் உண்டு, இயல்பான வரம்பு எழுத இடம் உண்டு. 'நினைக்கிறேன்' என்று எழுத இடம் இல்லை. ஏழு வருடத்தில் நான் அந்தச் சொல்லை ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்ததில்லை.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். மற்றவர்கள் பேச்சை அவள் நம்பவில்லை. என் பேச்சை நம்பினாள்.

[இந்த இடத்தில் "இன்னிக்கே போங்க" என்று ஒரு வரைவில் எழுதினேன். இரண்டே சொல். அந்த வரைவு ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. கதையே இல்லை. நல்ல வரைவு அது.]

7

ஞாயிறு. வெயில். சுலேமா வீட்டு முன்னறையில் முப்பது பேர். இரண்டு மின்விசிறி. அன்செல்மோ தொலைக்காட்சிக்கு எதிரே, காலை முக்காலியில் பக்கவாட்டில் வைத்து, அந்த வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்தார். எல்லாரும் வரிசையாக வந்து தொட்டார்கள். காலையில் காய்ச்சல் பார்த்தாயா என்று சுலேமாவிடம் கேட்டேன். தெர்மாமீட்டரைக் காணவில்லை என்றாள். முக்காலிக்குக் கீழே கிடந்தது. அன்செல்மோ அதை ஒளித்து வைத்திருந்தார்.

முதல் பாதி முடிவில் இரண்டுக்குப் பூஜ்யம். நமக்கு. மனிதர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டார்கள், சந்தோஷத்தில்.

சுலேமா தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. துணி காயப்போடவும் போகவில்லை. கணவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் உதடு அசைய ஆரம்பித்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கிளட்ச் புடிக்க மாட்டேங்குது," என்றார்.

"என்ன?"

"எவ்வளவு மிதிச்சாலும் புடிக்கல. பஸ் நிக்க மாட்டேங்குது."

அவள் காலைப் பார்த்தாள். கட்டுப் போட்ட பாதம், செத்துப்போன மூன்று விரல்களோடு, காற்றை மிதித்துக்கொண்டிருந்தது.

சுலேமா நிமிர்ந்தாள். எழுபத்தெட்டாவது நிமிடம் என்று பிறகு எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"ஓஸ்வால்டோ, வண்டிய எடு."

"சுலே, இன்னும் பத்தே…"

"எடு!"

யாரும் மறுக்கவில்லை. மறுக்காததற்குக் காரணம் நல்ல மனது என்று எழுத ஆசை. இரண்டுக்குப் பூஜ்யம் என்பதுதான் காரணம். ஜெயித்தாகிவிட்டது, இனிக் கால் எதற்கு? நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். வண்டியில் எந்தச் சத்தமும் இல்லை, உடனே கிளம்பியது. சுலேமா முன்னால். பின்னிருக்கையில் அன்செல்மோ நீளவாக்கில், பக்கவாட்டில் சரிந்து. "ஒல்லி, நீ காலைப் புடி," என்றார்கள். ஏறி, காலை மடியில் வைத்துக்கொண்டேன். முகம் என்னைப் பார்த்தது.

கதவு சாத்தியதும் வீட்டுக்குள் ஒரு சத்தம். மொட்டை மாடியில் இருந்து கேட்டே பழகிய சுலேமாவுக்கு உடனே புரிந்தது. நமக்கு இல்லை, அவர்களுக்கு.

"பெனால்டி," என்றார் ஓஸ்வால்டோ. வண்டியை நகர்த்தினார். வானொலியைப் போட்டார். நாலு வீடு தாண்டவில்லை, இன்னொரு சத்தம். இரண்டு இரண்டு.

தெரு வெளியே வந்தது. முப்பது பேரும் வெயிலில் ஓடி வந்தார்கள். "திருப்புடா! திருப்புடா ஓஸ்வால்டோ!" பெத்தினா செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மூலையில் ஓஸ்வால்டோ பிரேக் போட்டார். அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஜன்னல் வழியாகக் கைகள் உள்ளே வந்தன.

"சுலே, அரை மணி நேரம்! அரை மணி நேரம் தாங்க மாட்டானா?"

"கைய எடு பெத்தினா!"

"நான் அவனுக்கு ஒண்ணும் பண்ணல, தொட மட்டும்…"

அப்போது அன்செல்மோ கண்ணைத் திறந்தார். ஜன்னலில் நெருக்கியடித்த முகங்களைப் பார்த்தார். நல்ல உரத்த குரலில், இருபத்தெட்டு வருடம் சொன்ன அதே தொனியில் சொன்னார்:

"பின்னாடி போங்க! பின்னாடி போங்கப்பா!"

"கேட்டியா!" என்று பெத்தினா கத்தினாள். "திரும்பிப் போகச் சொல்றான்! அவனே சொல்றான்!"

"அடியே, அது பஸ்ல சொல்றது!" என்றாள் சுலேமா. "ஏறுறவங்களப் பாத்துச் சொல்றது! உள்ள எடம் இருக்கு, பின்னாடி போங்கன்னு!"

"பின்னாடி போங்க," என்றார் அன்செல்மோ மறுபடி, கொஞ்சம் மெதுவாக.

ஓஸ்வால்டோவின் ஒரு கை கியரில் இருந்தது. அது எந்தக் கியர் என்று எனக்குத் தெரியவில்லை.

8

இந்த இடம்வரை சுலேமா படித்தாள். அவள் சமையலறையில், மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டே. முடித்ததும், "மூலையோட நிறுத்து," என்றாள்.

"அதுக்கப்புறம்தானே…"

"கோப்பைய நீங்க வெச்சுக்குங்க. அதுக்கப்புறத்த என்கிட்ட விட்டுரு."

ஆட்டம் எப்படி முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் சொல்கிறேன்: கூடுதல் நேரம், மூன்று மூன்று, பெனால்டி, ஜெயித்தோம். இந்தக் கதையில் மாற்ற முடியாத முடிவு அது ஒன்றுதான்.

வண்டி திரும்பியது என்று எழுதலாம். அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள், தொட்டார்கள், ஜெயித்தார்கள். வண்டி திரும்பவில்லை என்றும் எழுதலாம். மருத்துவமனை வாசலில் வானொலி அலறியது, ஜெயித்தார்கள். எழுபத்தெட்டு நிமிடம் கால் கூட இருந்ததே போதும் என்று தெரு சொல்லிக்கொண்டது. எப்படி எழுதினாலும் தெருவுக்கு நஷ்டமில்லை.

அன்செல்மோ? 24,100 என்ற எண் இரண்டு முடிவுகளுக்கும் இடம் கொடுக்கும். அவர் பிழைத்தார் என்று நான் எழுதினால் என்னுடைய 'நினைக்கிறேன்'-ஐ மன்னித்துவிடுவீர்கள். இறந்தார் என்று எழுதினால் பெத்தினாவைச் சபிப்பீர்கள். ஒரே ஒரு சோதனையின் முடிவை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூலையில் நாங்கள் நின்றபோது எங்களுக்கு முடிவு தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருப்பதுதான் சரி.

ஒன்றே ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சுலேமாவிடம் காட்டாத பத்தி.

மூலையில் வண்டி நின்றபோது சுலேமா பின்னால் திரும்பினாள். கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒல்லி?" என்றாள். வெள்ளிக்கிழமை கேட்ட அதே கேள்வி. மறுபடி ஒரு தரம்.

என் இரண்டு கையும் காலின் மேல் இருந்தன. கால் வழுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் எல்லா வரைவிலும் எழுதியிருக்கிறேன். பிடிப்பதென்றால் உள்ளங்கை முழுவதும் பதிய வேண்டும். பதில் சொல்ல வாயைத் திறந்தபடி கையை எடுத்தேன். முகத்தின் கன்னத்தில் ஒரு குழி இருந்தது. சின்னது. ஒரு விரல் நுனி அளவு. நடுப்பகலில் எல்லாரும் தொட்ட குழிகள் எப்போதோ நிரம்பிவிட்டன. பெத்தினாவின் கை அதுவரை எட்டவே இல்லை. இது புதியது, என் விரல் பதிந்தது.

குழி நிரம்ப இரண்டு நிமிடம் ஆகும். சுலேமா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் நீங்கள் சொல்லுங்கள்.